கேட்டதும் கைப்பேசியைத் திறந்து கொடுத்துவிட்டேன்: பெங்களூரில் உங்களுக்கு இப்படி நேர்ந்ததுண்டா?

பானஸ்வாடிவாசி:

மூன்று மாதங்களுக்கு முன், இரண்டாம் ஷிப்ட் முடிந்து நள்ளிரவு பன்னிரண்டரை மணிக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். மேம்பாலத்தின் அடியில் தடுப்பு வைத்துச் சோதனை நடந்தது. இங்கே இரவில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. உரிமம், ஆர்.சி., ஊதிக் காட்டுவது எல்லாம் முடிந்த பிறகு ஒரு காவலர் 'மொபைல் கொடி' (மொபைலைக் கொடுங்கள்) என்று கன்னடத்தில் சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கட்டைவிரலை வைத்துத் திறந்தே கொடுத்தேன். வாட்ஸ்அப்பில் கஞ்சா என்று தேடினார், ஒன்றும் வரவில்லை. பிறகு படங்களுக்குள் போனார்.

என் மனைவிக்கு மார்பிலிருந்து கட்டியை அகற்றி அன்று பதினோராம் நாள். தையல் போட்ட இடம் சிவந்திருக்கிறதா, நீர் கசிகிறதா என்று மருத்துவர் பார்ப்பதற்காகத் தினமும் காலையில் நான்தான் படம் எடுத்து அனுப்புவேன். விரலால் தள்ளிக்கொண்டே போனவர் அந்தப் படத்தில் நின்றார். இரண்டு விரல்களால் அதைப் பெரிதாக்கினார். திரையின் வெளிச்சம் அவருடைய முகத்தில் விழுந்ததையும், அடுத்து நின்றிருந்த காவலர் எட்டிப் பார்க்கத் தலையைச் சாய்த்ததையும் நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு 'ஹோகி' (போங்கள்) என்று கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவர் அடிக்கவில்லை, திட்டவில்லை, பணமும் கேட்கவில்லை. ஆனாலும் அந்த இரவை என்னால் கடந்துபோக முடியவில்லை. மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

கம்மனஹள்ளி அம்மா:

தம்பி, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் இதைச் சாக்காக வைத்துச் சோதனையே கூடாது என்று யாராவது பேச வந்தால் நான் ஏற்கமாட்டேன். என் அக்கா மகன் கல்லூரி இரண்டாம் ஆண்டில் போதை மாத்திரைக்கு அடிமையாகிப் படிப்பையும் விட்டு, இன்று மருந்தின் பிடியில் படுத்திருக்கிறான். ஒரே ஒரு நாள் யாராவது அவன் பையைத் திறந்து பார்த்திருக்கக் கூடாதா என்று அக்கா சொல்லிச் சொல்லி அழுகிறாள். குற்றம் செய்யாதவருக்கு என்ன அச்சம்?

எனக்கு நேர்ந்தது சிறிய விஷயம். எங்கள் தெருவில் நடந்த ஒரு திருட்டை நேரில் பார்த்த சாட்சி என்று மாலை ஏழு மணிக்கு என்னை நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். ஒன்பதரை மணி வரை சுவரோரம் நின்றேன். ஒரு நாற்காலி காலியாகத்தான் இருந்தது. யாரோ அதன்மேல் தலைக்கவசத்தை வைத்திருந்தார்கள். அதை எடுத்து வைத்துவிட்டு உட்காரட்டுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆண்டுகள் ஆகியும் அந்தத் தலைக்கவசம் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

வக்கீல் குமாஸ்தா, சிவாஜிநகர்:

அம்மா, உங்களை அங்கே வரச் சொன்னதே தவறு. சாட்சியாக விசாரிக்கப்படும் பெண்ணை அவர் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 160-ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-ஆம் பிரிவும், அவராக விரும்பி வந்தாலொழிய, அதையேதான் சொல்கிறது. குற்றம் செய்யாதவருக்கு என்ன அச்சம் என்று கேட்கும் நீங்களே ஒரு குற்றமும் செய்யாமல் இரண்டரை மணி நேரம் நின்றிருக்கிறீர்கள்.

பானஸ்வாடி நண்பருக்குச் சில சொல்கிறேன். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அந்த வழக்கைத் தொடுத்த கே.எஸ். புட்டசாமி நம் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆதார் திட்டத்தை எதிர்த்து அவர் 2012-இல் நீதிமன்றம் சென்றபோது அவருக்கு வயது 86. 2021 மார்ச்சில் இதே உயர் நீதிமன்றம், ஒருவருடைய கைப்பேசிக்குள் தேடுவதற்குப் பொதுவாகச் சர்ச் வாரண்ட், அதாவது தேடுவதற்கான நீதிமன்ற ஆணை, வேண்டும் என்றும், அவசரமானால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. ஆகவே அடுத்த முறை உரிமத்தையும் ஆர்.சி.யையும் காட்டுங்கள், கைப்பேசியைக் கேட்டால் குரலை உயர்த்தாமல், கையைத் தட்டிவிடாமல், எந்தப் பிரிவின்படி என்று மட்டும் கேளுங்கள். சட்டையில் உள்ள பெயரைப் படித்து வையுங்கள். பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-இல் அளித்த தீர்ப்பு, காவலர்மீதான புகார்களை விசாரிக்க மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் ஆணையம் வேண்டும் என்று ஆணையிட்டது. மாவட்ட அளவிலான அந்த ஆணையத்துக்கு நீங்கள் இப்போதும் எழுதலாம். இடம், நாள், நேரம் மூன்றும் மனுவில் இருக்கட்டும்.

என் கதை இரண்டே வரி. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்று அரசமைப்பின் 22-ஆம் உறுப்பு சொல்கிறது. என் அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனபோது அந்த 24 மணி நேரம் எப்போது தொடங்கியது என்று சொல்ல எங்கள் வீட்டில் யாருமே கடிகாரத்தைப் பார்த்திருக்கவில்லை.

மர்பி டவுன்:

ஐயா, எந்தப் பிரிவு என்று கேட்கச் சொல்கிறீர்கள். நான் கேட்டிருக்கிறேன். 2019 டிசம்பர் 19 அன்று, குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராக டவுன் ஹால் முன்னால் அட்டை பிடித்து நின்றவர்களில் நானும் ஒருத்தி. வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குகாவை அங்கிருந்து இழுத்துச் சென்றதை நாடே பார்த்தது. எங்களைப் பார்க்க யாரும் இல்லை. எந்தப் பிரிவு என்றேன். 144 என்று உடனே பதில் வந்தது. அந்தத் தடையாணையே சட்டத்துக்குப் புறம்பானது என்று உயர் நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் சொன்னது. அன்றைய மாலையில் அது எனக்கு எப்படி உதவியிருக்கும்?

நான் எழுத வந்தது அதுவன்று. பேருந்தில் ஏற்றிய பிறகு ஒரு பெண் காவலர் என் மடியிலிருந்த அட்டையைக் காட்டி, இது என்ன மொழி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். 'இந்திய மக்களாகிய நாம்' என்று அரசமைப்பின் முகப்புரையை எழுதியிருந்தேன். எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் சொல்லத் தொடங்கித் தடுமாறியபோது, பின்னிருக்கையில் இருந்த முன்பின் தெரியாத மாணவி 'பாரதத ஜனதெயாத நாவு' என்று எடுத்துக் கொடுத்தாள். காவலர் அதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு அட்டையை வாங்கி, மடிக்காமல், சன்னலோரம் சாய்த்து வைத்தார். அவர் மடித்திருந்தால் எனக்கு அவரை வெறுப்பது எளிதாக இருந்திருக்கும்.

அல்சூர்க்காரர்:

எல்லோரும் காவலர்களைப் பற்றியே எழுதுகிறீர்கள். எங்கள் வாயை மூடியவர் எங்கள்மேல் அன்பு வைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரர். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் மூண்ட இரவு, அவர் மைதாப் பசையும் ஒரு கன்னட நாட்காட்டியுமாக ஓடிவந்து, எங்கள் வாசற்கதவில் அப்பாவின் பெயரைத் தமிழில் செதுக்கியிருந்த பலகையின்மேல் அதை ஒட்டினார். அப்பா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். கலவரம் அடங்கிய பிறகும் அப்பா அந்தத் தாளைக் கிழிக்கவில்லை. வீட்டுக்கு வெள்ளையடித்தபோது பலகையை அப்படியே கழற்றிப் பரணில் போட்டுவிட்டார். கருத்துச் சுதந்திரம் தரும் 19-ஆம் உறுப்பு அன்றும் இருந்தது. எங்களைத் தடுத்த ஆணை எதுவும் இல்லை.

அதே ஆண்டு எங்கள் ஏரிக்கரையில் நிறுவிய திருவள்ளுவர் சிலை திறக்கப்படாமல் 18 ஆண்டுகள் சாக்குக்குள் நின்ற கதை உங்களுக்குத் தெரியும். 2009 ஆகஸ்ட் 9 அன்று திறந்தபோது அப்பாவை அழைத்துப் போனேன். அங்கே ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் பலகையை இறக்கித் தரச் சொன்னார். எழுத்துப் பள்ளங்களில் பசை மஞ்சளாகக் காய்ந்து கிடந்தது. ஊசியை வைத்துக்கொண்டு இரவு முழுவதும் சுரண்டினார்.

பானஸ்வாடிவாசி:

எல்லோருடையதையும் படித்தேன். நேற்றிரவு மனைவியிடம் சொன்னேன். ஏன் கொடுத்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கேட்டாள். இரண்டு பேர் என்றேன். குமாஸ்தா ஐயா சொன்னபடி மனு எழுத உட்கார்ந்தபோது, 'கைப்பேசியில் இருந்த குடும்பப் படங்கள்' என்று எழுதினேன். அவள் வாங்கிப் படித்துவிட்டு, தன் பெயர் வேண்டாம், ஆனால் அது என்ன படம் என்பதை உள்ளபடியே எழுதுங்கள் என்றாள். அந்த வரியை மட்டும் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை பதிவுத் தபாலில் அனுப்புகிறோம்.