அப்பா ஃபோனில் எஸ்எம்எஸ் ஃபில்டர் ஆப் போட்டேன், ஓடிபியும் ஸ்பேமுக்குப் போகிறது. என்ன செய்யலாம்?

மழைக்குருவி:

அப்பா ஃபோனில் படிக்காத எஸ்எம்எஸ் மட்டும் 2,300-க்கு மேல் கிடக்கிறது. லோன் ரெடி, பரிசு விழுந்திருக்கிறது, உங்கள் பார்சல் நிற்கிறது முகவரியைச் சரிசெய்ய இந்த லிங்க்கைத் தொடவும், எல்லாம் இதே கதைதான். இதற்கு நடுவில் டாக்டர் அப்பாயிண்ட்மென்ட் தேதி மாறிய மெசேஜை அவர் பார்க்கவே இல்லை, பழைய தேதிக்கே போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை, அன்றைக்கே ஒரு ஃபில்டர் ஆப் இறக்கிப் போட்டேன். குப்பை நின்றது. ஆனால் மறுநாள் பேங்க் ஓடிபி வரவில்லை என்று நாலு முறை திரும்பத் திரும்ப அனுப்பச் சொன்னார், பார்த்தால் நாலும் ஸ்பேம் ஃபோல்டரில் இருக்கிறது. அவருடையது ஆண்ட்ராய்டு, என்னுடையது ஐஃபோன். எப்படிச் செட் செய்வது? இந்த ஆப்கள் நம் மெசேஜையெல்லாம் படிக்குமா?

திண்ணைவாசி:

படிக்காமல் பிரிக்க முடியாது நண்பரே, படித்ததை எங்கே கொண்டுபோகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஆண்ட்ராய்டில் 4.4 பதிப்பிலிருந்து, அதாவது 2013-லிருந்து, டிஃபால்ட் எஸ்எம்எஸ் ஆப், அதாவது மெசேஜுக்கென்று ஃபோனில் முதன்மையாக வைத்திருக்கும் ஆப், எதுவோ அதுதான் மெசேஜை இன்பாக்ஸில் எழுதவோ அழிக்கவோ முடியும். அதனால் ஃபில்டர் ஆப் பெரும்பாலும் "என்னை டிஃபால்ட் ஆக்கு" என்று கேட்கும். சரி என்றால் பழைய மெசேஜ், ஓடிபி எல்லாமே அதன் கையில். ப்ளே ஸ்டோரில் அந்த ஆப்பின் அனுமதிப் பட்டியலைத் திறந்து, இன்டர்நெட் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். இன்டர்நெட்டே கேட்காத ஆப் என்றால் ஓரளவு நிம்மதி. கான்டாக்ட்ஸையும் கேட்டு அதை சர்வருக்கு ஏற்றுகிற ஆப் என்றால் நான் அப்பா ஃபோனில் போட மாட்டேன், அவருக்குத் தெரிந்த எல்லோருடைய நம்பரும் சேர்ந்து போகும். கூகுள் மெசேஜஸிலேயே ஸ்பேம் பாதுகாப்பு இருக்கிறது, முதலில் அதைப் போட்டுப் பாருங்கள்.

ஐஃபோனில் வேறு மாதிரி. 2017-ல் ஐஓஎஸ் 11-ல்தான் ஃபில்டர் ஆப்களுக்கு வழிவிட்டார்கள். கான்டாக்ட்ஸில் இருப்பவர் அனுப்பியதும், ஆப்பிள்காரர்களுக்குள் நெட் வழியாகப் போகிற ஐமெசேஜும் அந்த ஆப்பிடம் போகவே போகாது. ஆப் தானாக நெட்டைத் தொட முடியாது, சர்வரைக் கேட்க வேண்டுமென்றால் ஃபோன்தான் மெசேஜை அனுப்பிக் கேட்டுச் சொல்லும். ஃபில்டரை ஆன் செய்யும்போது, பேங்க் கோடு போன்றவையும் ஆப் தயாரித்தவருக்குப் போகலாம் என்று ஒரு எச்சரிக்கை வரும், அதைத் தள்ளிவிடாமல் படியுங்கள்.

ஊஞ்சல்பலகை:

ஓடிபி விஷயத்துக்கு வருகிறேன். நானும் மாட்டியிருக்கிறேன். "லோன்" என்ற ஒரே சொல்லை பிளாக் பட்டியலில் போட்டேன், என்னுடைய சொந்தத் தவணை நினைவூட்டலும் சேர்ந்து போய்விட்டது, அபராதம் கட்டினேன். அதிலிருந்து ஒற்றைச் சொல்லை வைத்து எதையும் தடுப்பதில்லை. லோன் என்ற சொல்லோடு ஒரு லிங்க்கும் இருந்தால் மட்டும் ஸ்பேம் என்று விதி வைக்கிறேன். அதற்கு மேலே, ஓடிபி என்று வந்தால் விட்டுவிடு என்று ஓர் அனுமதி விதி, ஆங்கிலத்திலும் தமிழிலும் இரண்டு முறை. தடுக்கிற விதியிலும் அப்படித்தான், ஆங்கிலச் சொல்லை மட்டும் போட்டால் தமிழில் வருகிற குப்பை அப்படியே உள்ளே வரும். அனுப்புகிறவர்களும் சும்மா இல்லை, ஆங்கில ஓ (O) எழுத்துக்குப் பதில் பூஜ்யம் (0) போட்டு அனுப்புகிறார்கள், கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், ஆப்புக்கு அது வேறு சொல்.

இன்னொன்று, தானாக அழிக்கிற வசதி இருந்தால் அதை ஆஃப் செய்துவிடுங்கள். ஒதுக்கிவைத்தது திரும்பக் கிடைக்கும், அழித்தது கிடைக்காது.

கல்தச்சன்:

மேலே சொன்னதெல்லாம் சரிதான், ஆனால் ஃபில்டர் போட்டாச்சு இனி வருவதெல்லாம் நல்லது என்று அப்பா நினைத்துவிடக் கூடாது, எனக்கு அந்தப் பயம்தான். எஸ்எம்எஸ்ஸில் அனுப்புநர் பெயர் என்பது 11 எழுத்துக்குள் ஒரு சொல், அதைப் போலியாகப் போட வழி இருக்கிறது. பேங்க் பெயரிலேயே வந்தால் ஃபோன் அதை உண்மையான பேங்க் மெசேஜ்கள் இருக்கிற அதே வரிசையில், நேற்று வந்த ஓடிபிக்குக் கீழேயே கொண்டுபோய் வைக்கும். எந்த ஆப்பும் இதை முழுசாகப் பிடிக்காது. எஸ்எம்எஸ்ஸில் வந்த லிங்க்கைத் தொட வேண்டாம், பேங்க் ஆப்பைத் திறந்து பார்க்கட்டும். தெரியாத நம்பருக்கு "நிறுத்து" என்று பதில் அனுப்பவும் வேண்டாம், இந்த நம்பரில் ஆள் இருக்கிறது என்று நாமே சொன்ன மாதிரி ஆகிவிடும்.

மழைக்குருவி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அந்த ஆப் இன்டர்நெட், கான்டாக்ட்ஸ் இரண்டும் கேட்டிருந்தது, எடுத்துவிட்டேன். இப்போது கூகுள் மெசேஜஸ்தான் டிஃபால்ட். டாக்டர் ரிசப்ஷன் நம்பரை கான்டாக்ட்ஸில் சேர்த்து அதற்குத் தனி ரிங்டோன் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் அப்பாவும் நானும் சேர்ந்து ஸ்பேம் ஃபோல்டரைப் பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். முதல் வாரமே அதில் கரன்ட் பில் மெசேஜ் ஒன்று இருந்தது, அவரே கண்டுபிடித்து எடுத்தார்.