அகில இந்தியத் திராட்சை விவசாயிகள் சங்கம்: ஓட்டு ஏக்கருக்கா, டன்னுக்கா?

பந்தல்காரன்: "ஏக்கர் கணக்கில்தான் பிரதிநிதி. மகாராஷ்டிரா சங்கம் இருக்கிறது, மற்றவர்கள் வந்து சேர்ந்தால் போதும்" என்று, புதிதாக அமைக்கப் பேசுகிற அகில இந்தியச் சங்கத்தைப் பற்றி நாசிக் வேலு அண்ணன் எழுதியதைப் படித்ததும் பற்றிக்கொண்டு வருகிறது. ஏக்கர் கணக்கென்றால் கம்பம் பள்ளத்தாக்குக்கு நிற்கக்கூட இடமிருக்காது. டன் கணக்குப் போடுங்கள். எங்கள் பன்னீர் திராட்சை ஹெக்டேருக்கு 30 டன், விதையில்லாத ரகம் 15. வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிற கணக்கு இது.

நாசிக் வேலு: தம்பி, உங்களுக்கு இரண்டு வருஷத்தில் ஐந்து அறுப்பு. எங்களுக்கு ஏப்ரலில் ஒரு கவாத்து (கிளை வெட்டு), காய்ப்புக்கு அக்டோபரில் ஒன்று, மகசூல் வருஷத்துக்கு ஒன்றே. ஒரே கொடியைத் திரும்பத் திரும்ப எண்ணி ஓட்டு கேட்பீர்களா? ஏக்கர்தான்.

பந்தல்காரன்: ஐந்து அறுப்புக்கும் கவாத்துக் கூலி, மருந்துச் செலவு நீங்களா தருகிறீர்கள்? டன்தான்.

சாங்லி மணி: எந்த டன்? நாலு கிலோ பழம் காய்ந்தால் ஒரு கிலோ கிஸ்மிஸ் (உலர் திராட்சை). பச்சை எடையா, உலர்ந்த எடையா?

சுருளியாறு: சங்கம் முதலில் பழத்தில் தங்கும் மருந்தின் எச்சப் பரிசோதனைக்கு வேண்டும். 2010இல் குளோர்மெக்குவாட் எச்சத்தால் ஐரோப்பாவில் சரக்கு நின்றது மறந்துவிட்டதா? ஏற்றுமதித் தோட்டத்துக்கு, எச்சத்தைக் கண்காணிக்கிற கிரேப்நெட் என்ற இணையப் பதிவு உண்டு. உள்ளூர்ச் சந்தைப் பன்னீருக்கு யார் பார்ப்பது?

நாசிக் வேலு: 2010ஐ எங்கள் தலையில் கட்டாதீர்கள். கொடியின் வீரியத்தை அடக்கி மொட்டில் பூக்கரு கட்ட வைக்கிற மருந்து அது. சோதிக்க வேண்டிய பட்டியலில் அது இல்லாததுதான் வினை. உங்கள் ஊரில் முதலில் பூஞ்சாண நோய்க்குத் தெளிக்கிற போர்டோ கலவையை ஒழுங்காகக் கலக்கச் சொல்லுங்கள், இலையெல்லாம் கருகிக் கிடக்கிறது.

கூடலூர்ச்சாமி: எங்களுக்கா பாடம்? 1 கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 50 லிட்டர் தண்ணீரில், 1 கிலோ சுண்ணாம்பு 50 லிட்டரில், பிளாஸ்டிக் டிரம்மில் தனித்தனியாக. துத்தத் தண்ணீரைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றிக் கலக்க வேண்டும். கத்தியை முக்கினால் செம்பு படியக் கூடாது; படிந்தால் இன்னும் சுண்ணாம்பு. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம் ஐயா எங்கள் கம்பம் பன்னீர்.

நாசிக் வேலு: குறியீடு ஓட்டாகாது. ஏக்கருக்குச் சிட்டா, அடங்கல் இருக்கிறது. டன்னுக்கு என்ன சாட்சி, கமிஷன் கடைச் சீட்டா?

சுருளியாறு: ஆளுக்கு ஒரு ஓட்டு என்றால் என்ன?

நாசிக் வேலு: அரை ஏக்கரும் ஐம்பது ஏக்கரும் ஒன்றா? ஏக்கர்தான்.

பந்தல்காரன்: கமிஷன் சீட்டில் எடையைக் குறைத்துத்தான் போடுகிறார்கள். அந்த எடையிலேயே கணக்குப் போடுங்கள், அப்போதும் டன்தான்.

சாங்லி மணி: பச்சையா, உலர்ந்ததா? இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.