டாக்குமெண்டரிக்கு டைட்டில், எஃபெக்ட்: எந்த மென்பொருளில் என்ன பாடு பட்டீர்கள்?

சிப்புட்_செம்பனை

தைப்பூசம் முடிந்த வாரம் கோயில் மண்டபத்தில் போட்டோமே, மலேசியத் தோட்டத்து லயன் வீடுகள் (தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகள்) இடிபட்ட கதை, அதைப் பார்த்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். படத்தைப் பற்றிப் பேச வரவில்லை, அதில் ஒரு நொடி மட்டும் இன்னும் மனதை அறுக்கிறது. பேட்டி கொடுத்த பாட்டி முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். கித்தாக்காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தில், பால் வெட்டியே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். அவர் முகம் திரையில் வந்தது, கீழே பெயர், பெயருக்கு அடியில் 'தோட்டத் தொழிலாளி' என்று வர வேண்டும். வந்ததோ, கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் தாவி, நடுவில் புள்ளி புள்ளியாக ஒரு வட்டம். பாட்டி தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் கொஞ்சம் படித்தவர், எழுத்துக்கூட்டி வாசிப்பார். பேத்தி பக்கம் திரும்பி "என்னம்மா எழுதியிருக்கு?" என்று கேட்டார். அந்தப் பெண் பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

டைட்டில் செய்தது வெளியே ஒரு கடை. நாங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பெயர்ப் பட்டியல் சரியாகத்தான் இருந்தது, அவர்களுடைய பழைய டைட்டில் பிளகினுக்குத் தமிழ் தெரியவில்லை, அவ்வளவுதான். யூனிகோடில் 'தொ' என்பது முதலில் த, பிறகு உயிர்க்குறி என்றுதான் சேமிக்கப்படும், கொம்பை முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது மென்பொருளின் வேலை. அதைச் செய்யாத மென்பொருள் எவ்வளவு பளபளப்பாக எஃபெக்ட் காட்டினாலும் நமக்கு எதற்கு? பிரீமியர் புரோவில் பிரிஃபரன்ஸஸ் போய் கிராபிக்ஸ் பகுதியில், ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் டைப் பகுதியில், 'சவுத் ஏசியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் ஒழுங்காக வரும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆனால் இரண்டும் சந்தா. அடுத்த படம் ஆரம்பிக்கிறோம், டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளுக்குப் போகலாமா என்று யோசனை. தமிழ்ப் பெயர் போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கித்தாக்காட்டான்

டைட்டில் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள், நான் வரைபடம் பற்றிச் சொல்கிறேன். எங்கள் படம் சயாம் மரண ரயில். 1942, 43-ல் ஜப்பான்காரன் ரயில் பாதை போட நம் தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்துக்கொண்டு போனது உங்கள் எல்லாருடைய வீட்டிலும் இருக்கிற கதைதான். தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியுசயாட் வரை 415 கிலோமீட்டர் பாதை. வரைபடத்தில் ஒரு சிவப்புக் கோடு ஊர்ந்து போக வேண்டும். நண்பர் ஒருவர் இணையத்தில் வாங்கிய டெம்ப்ளேட்டை வைத்துச் செய்து கொடுத்தார், கோட்டில் ஒளி மின்னும், முனையில் வெளிச்சப் பொறி பறக்கும், சுற்றுலா விளம்பரத்துக்குப் போடுகிற சாமான்.

அங்கே போய்த் திரும்பி வந்த ஒருவருடைய மகள், எனக்கு அத்தை முறை, அவர் வீட்டில் மடிக்கணினியில் போட்டுக் காட்டினோம். கோடு விறுவிறு என்று பர்மா போய்ச் சேர்ந்ததும் அத்தை என் கையைப் பிடித்து நிறுத்தச் சொன்னார். "இவ்வளவு வெரசா போயிட்டாங்களா? அப்பா நடந்தே போனார்டா." அதற்கு மேல் எதுவும் பேசவில்லை, எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

அன்றிரவே டெம்ப்ளேட்டைத் தூக்கிவிட்டு ரிசால்வுக்குள் இருக்கும் ஃபியூஷன் என்ற எஃபெக்ட் பகுதியில் ஆரம்பத்திலிருந்து செய்தேன். பாலிகன் மாஸ்க் என்ற கருவியில் பாதையை வரைந்து, 'லெங்த்' என்பதற்குக் கீஃப்ரேம் வைத்தால், அதாவது எந்த நொடியில் எவ்வளவு நீளம் என்று குறித்தால், கோடு நாம் சொல்கிற வேகத்தில் வளரும். மின்னல் கிடையாது. முகாம் இருந்த இடங்களில் கோடு நிற்கும், பிறகு நகரும். 2018-ல் வந்த 15-ஆம் பதிப்பிலிருந்து ஃபியூஷன் ரிசால்வுக்குள்ளேயே இருக்கிறது, இலவசப் பதிப்பிலும் உண்டு. பெட்டி பெட்டியாக இணைத்து வேலை செய்யும் நோடு முறை பழகும் வரை தலை சுற்றும், அப்புறம் விட மனசு வராது.

லயன்_கோடி_வீடு

செம்பனை அண்ணே, சந்தா கட்டும் யோசனையையே விடுங்கள். என் கதை சின்னது: எங்கள் மண்டபத்துப் பழைய புரொஜெக்டர் திரையின் ஓரத்தைத் தின்றுவிட்டது, ஒரு பெரியவரின் பெயரில் பாதிதான் தெரிந்தது, இறந்துபோன மனிதர், அவர் மகன் என்னிடம் வந்து எதுவும் கேட்காமல் கையை மட்டும் குலுக்கிவிட்டுப் போனார். அதிலிருந்து நான் எதையும் நடு 80 சதவீதத்துக்கு வெளியே வைப்பதில்லை.

இப்போது சொல்கிறேன் கேளுங்கள். பெயர்களை எடிட்டிங் மென்பொருளுக்குள் தட்டவே தட்டாதீர்கள். படம் வரையும் மென்பொருள் இங்க்ஸ்கேப் இலவசம், தமிழைப் பிசகாமல் காட்டும். 1920க்கு 1080 பக்கத்தில் பெயரை எழுதி, பின்னணி இல்லாத பிஎன்ஜி-யாக ஏற்றுமதி செய்து, டைம்லைனில் வீடியோவுக்கு மேல் வைத்துவிட்டால் எந்த மென்பொருளும் அதைக் கெடுக்க முடியாது. கெடென்லைவ், ஷாட்கட் என்று எதில் வெட்டினாலும் சரி. எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கேட்டமரன், எல்லாம் இலவசம். ஒவ்வொரு எழுத்தாக வந்து விழும் அனிமேஷனைத் தொடாதீர்கள், பல மென்பொருளில் முதலில் த வரும், கொஞ்சம் கழித்துக் கொம்பு குதித்து வரும், அசிங்கம். மங்கலாக வந்து மங்கலாகப் போனால் போதும். அசைகிற டைட்டில் கட்டாயம் வேண்டுமென்றால் ஆல்ஃபா சேனலோடு, அதாவது பின்னணி இல்லாமல், எடுக்க வேண்டும், அதற்கு புரோரெஸ் 4444 என்ற வீடியோ வகை, ஏனென்றால் 422-இல் ஆல்ஃபா கிடையாது, வழக்கமான எச்.264-இலும் கிடையாது, பின்னணி கறுப்பாக வந்து நிற்கும்.

இன்னொன்று. நம் ஊர்ப் படம் என்றாலே 1948 ஜூன் 16-இல்தான் எல்லாரும் ஆரம்பிக்கிறார்கள், வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் மூவர் சுடப்பட்டது, அதைத் தொடர்ந்து வெள்ளைக்கார அரசு அறிவித்த அவசரகாலம். அந்தத் தேதிக்குத் தீப்பிடித்து எரிகிற எழுத்து, துப்பாக்கிப் புகை எல்லாம் போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அது நடந்த தோட்டங்களில் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, நின்றவர்கள் நம் தாத்தா பாட்டிகள். வெள்ளை எழுத்தில் தேதி போதும்.

அஞ்சடி_தம்பி

லயன் அண்ணன் சொல்வதில் பாதிக்குத்தான் ஒத்துக்கொள்வேன். பெயரைப் படமாக வைத்தால், கடைசி நேரத்தில் ஒரு குடும்பம் "அப்பா பெயருக்கு முன்னால் இன்ஷியல் போடுங்கள்" என்றால் மறுபடி இங்க்ஸ்கேப் திறந்து, ஏற்றுமதி செய்து, மாற்றி வைக்க வேண்டும். ஐம்பது அறுபது பேர் பேசும் படத்தில் அது பெரிய தொல்லை. ரிசால்விலேயே தட்டுங்கள், தட்டியதைப் பெரிதாக்கிப் பாருங்கள், சரியாக வராத பெயரை மட்டும் படமாக்குங்கள். எல்லாரையும் ஒரே வழியில் தள்ளாதீர்கள் அண்ணே.

எனக்கு உறுத்துவது வேறு. தோட்டத்துத் தீமிதி, பழைய விஎச்எஸ் நாடா, பூக்குழி இருந்த இடமே இன்று செம்பனை. படம் முழுக்க இரைச்சல், அதாவது புள்ளி புள்ளியாக மினுக்கல். அதற்காகவே ரிசால்வ் ஸ்டூடியோ வாங்கினோம், 295 அமெரிக்க டாலர், ஒரே தடவைதான் கட்டணம், இரைச்சலைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் அதில்தான் இருக்கிறது. கூட இருந்தவர் அளவை முழுசாக ஏற்றினார். படம் கண்ணாடி போல் ஆனது. அம்மா பார்த்துவிட்டு "கங்கு எங்கே?" என்றார். மிதிக்கும்போது காலடியில் தெறித்த பொறிகளையெல்லாம் மென்பொருள் இரைச்சல் என்று நினைத்துத் துடைத்துவிட்டிருந்தது. ஒரு ஃபிரேமில் இருந்து அடுத்ததில் இல்லாத எதையும் அது அப்படித்தான் நினைக்கும். அந்தக் காட்சிக்கு மட்டும் எடுத்துவிட்டோம், இரைச்சலோடே இருக்கிறது, அம்மாவுக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

டீச்சர்_வீட்டுப்_பக்கம்

ஒரு சின்ன விஷயம். மேக்கில் தமிழ் சங்கம் எம்.என். எழுத்துருவில் அழகாகச் செய்து, புரொஜெக்ட்டை விண்டோஸ் கணினியில் திறந்தால் அந்த எழுத்துரு இருக்காது, வேறு ஒன்று வந்து உட்காரும், வரிகள் உடைந்து கீழே இறங்கிவிடும். அந்த எழுத்துருவைச் செய்த முத்து நெடுமாறன் நம் மலேசியாக்காரர் என்பதால் நாங்கள் ஆசையாகத்தான் போட்டோம். இறுதியில் வீடியோவாக எடுத்த பிறகே கோப்பைக் கைமாற்றினோம்.

சிப்புட்_செம்பனை

எல்லாருக்கும் நன்றி. ரிசால்வ் இலவசப் பதிப்பில் ஆரம்பிக்கிறேன். தம்பி சொன்ன மாதிரி உள்ளேயே தட்டிப் பார்த்து, உடைகிற பெயருக்கு மட்டும் இங்க்ஸ்கேப். லயன் தம்பி, தேதி விஷயம் எங்கள் குழுவிலும் சண்டையாகத்தான் ஓடுகிறது, நீங்கள் எழுதியதை அப்படியே காட்டப் போகிறேன். வீடியோ எடுக்கும் முன் ஒவ்வொரு பெயரையும் திரையில் வருகிற மாதிரியே ஒரு படமாக்கி அந்தந்த வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவர்கள் சரி என்ற பிறகுதான் பூட்டுவது என்று முடிவு செய்திருக்கிறோம். கித்தாக்காட்டான் அண்ணே, எங்கள் படத்திலும் ஒரு வரைபடம் வருகிறது, தோட்டம் துண்டாடப்பட்ட வரிசை. ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் வீட்டில் இருப்பீர்களா?