ஆட்டோமேட்டிசம் – தமிழில் என்ன சொல்லலாம்?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

சட்ட மாணவர்களுக்கான குற்றவியல் பாடநூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும், ‘ஆட்டோமேட்டிசம்’ என்ற சொல்லில் சிக்கிக்கொண்டேன். ஒருவரின் கட்டுப்பாடு இல்லாமலே அவர் உடல் இயங்குவதைச் சட்டம் இப்படிச் சொல்கிறது. பாடத்தில் வருவது கனடாவின் பார்க்ஸ் வழக்கு. 1987 மே மாதம் ஒருவர் தூக்கத்திலேயே எழுந்து, பிக்கரிங்கிலிருந்து ஸ்காபரோவுக்கு 23 கி.மீ. கார் ஓட்டிப் போய், மாமியாரைக் கொன்றார், மாமனாரைக் காயப்படுத்தினார். அப்புறம் அவரே காவல் நிலையத்துக்குப் போய், யாரையோ கொன்றுவிட்டேன் போலிருக்கிறது என்றார். கைத் தசைநாண்கள் அறுந்திருந்தும் வலி உறைக்கவில்லை. ஜூரி விடுவித்தது; 1992-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. கையிலுள்ள அகராதி ‘தன்னியக்கம்’ என்கிறது. வகுப்பில் சொன்னால் வாஷிங் மெஷினா என்று கேட்கிறார்கள்.
– வி.

வி. அவர்களுக்கு, பள்ளிப் பாடநூலிலேயே ‘அனிச்சைச் செயல்’ இருக்கிறதே! எல்லாருக்கும் தெரிந்த சொல். புதிதாக எதற்குக் கஷ்டப்பட வேண்டும்?
– சு., ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்

சு. ஐயா, அனிச்சை வடசொல். அன் + இச்சை. சிலர் இதை ‘மோப்பக் குழையும் அனிச்சம்’ பூவோடு முடிச்சுப் போடுவார்கள், அது தவறு. நல்ல தமிழில் ‘துஞ்சுநடை’ எனலாம்; துஞ்சுதல் என்றால் உறங்குதல்.
– புலவர் கா.

புலவர் ஐயா, கோபிக்க வேண்டாம். புறநானூற்றில் சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன் என்றால் அங்கே இறந்த நன்மாறன் என்றல்லவா பொருள்? துஞ்சுநடை என்று போட்டால் பிணம் எழுந்து நடப்பதாகிவிடும்.

சு. ஐயா, முழங்கால் துள்ளுவது அனிச்சைச் செயல், சரி. 23 கி.மீ. கார் ஓட்டுவதை அதில் அடக்க முடியுமா? அதைவிடப் பெரிய சிக்கல் ‘செயல்’ என்ற பின்னொட்டு. குற்றம் சாட்டப்பட்டவரின் வாதமே அது தன் செயல் இல்லை என்பதுதான். கொல்லும் எண்ணம் இல்லை என்பது வேறு வாதம். இது அதற்கும் ஒரு படி முன்னால் நிற்கிறது. பெயரிலேயே செயல் என்று போட்டால் வாதத்தைப் பாதி தோற்றுவிட்டோம்.
– ரா., வழக்கறிஞர்

அப்படியானால் இலக்கணத்துக்கே வாருங்கள். மூன்றாம் வேற்றுமையில் ஏவுதற்கருத்தா (செய்விப்பவன்), இயற்றுதற்கருத்தா (செய்பவன்) என்று இரண்டு. தூங்குகிறவனிடம் ஏவுகிறவன் இல்லை, இயற்றும் உடல் மட்டும் உண்டு. ‘ஏவலிலா இயக்கம்’ பொருந்தும். (ஆழ்ந்த உறக்கமான சுழுத்தி, சொப்பனம் என்று உயிரின் நிலைகளான அவத்தைகளைப் பற்றியும் எழுத இருக்கிறது. தனி மடலில் அனுப்புகிறேன்.)
– புலவர் கா.

நான் இருப்பது ஸ்காபரோவில்தான், நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பு வேலை. எங்கட சனத்துக்கு ‘ஏவல்’ என்றால் பில்லி சூனியம்! சாட்சிக் கூண்டில் அதைச் சொன்னால் கதை கந்தல். ‘தன்னறியா நிலை’ என்றால் ஒரு கிழவிக்கும் விளங்கும்.
– த.

‘தன்னறியா’ காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1958-இல் இங்கிலாந்தின் ஹில் எதிர் பாக்ஸ்டர் வழக்கில் சொல்லப்பட்ட தேனீ உதாரணத்தைப் பாருங்கள். வண்டி ஓட்டுகிறவரைத் தேனீக்கூட்டம் மொய்க்கிறது, ஸ்டியரிங் கைவிட்டுப் போகிறது. அவருக்கு எல்லாம் தெரியும், கட்டுப்பாடு மட்டும் இல்லை. இதுவும் ஆட்டோமேட்டிசம்தான். இவ்விரண்டில் அறிவு இல்லாதது தூக்கநடையில் மட்டும். இரண்டுக்கும் பொது, தன் வசம் இல்லாமை. எனவே ‘தன்வயமின்மை’.

அதோடு இன்னொன்று. 1961-இல் ஆங்கில நீதிபதி டென்னிங் பிரபு தூக்கநடையை, மனநோய் சாராத சாதாரண ஆட்டோமேட்டிசத்தில் சேர்த்தார். 1991-இல் பர்ஜெஸ் வழக்கில், தூக்கத்தில் தோழியைப் பாட்டிலாலும் வீடியோ ரெக்கார்டராலும் அடித்தவரை, உள்ளிருந்து வரும் காரணம், அதனால் மனநோய்தான் என்று அதே இங்கிலாந்து வகைப்படுத்தியது. பார்க்ஸ் வீட்டுக்குப் போனார், பர்ஜெஸ் பாதுகாப்பு மருத்துவமனைக்குப் போனார். நம் நாட்டில் இதற்கெனத் தனிப் பிரிவு இல்லை. பெரும்பாலும் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவு, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆம் பிரிவு, அதாவது சித்தசுவாதீனமின்மையில்தான் போய் முட்ட வேண்டும். ஆகவே சொல்லில் ‘மனம்’ வரவே கூடாது. அது வழக்கை முன்கூட்டியே தீர்த்துவிடும்.
– ரா.

தன்வயம்! பரிமேலழகர் குறளில் வரும் எண்குணத்துக்கான உரையில் முதலில் வைப்பது தன்வயத்தன் ஆதல், அது இறைவனுக்கு உரியது. மனிதர் எல்லாருமே தன்வயமில்லாதவர்தாம், எல்லாரையும் விடுவித்துவிடலாமா? தவிர, வயம் என்பது ‘வசம்’ என்ற வடசொல்.
– புலவர் கா.

வயம் வடசொல் என்றால் பரிமேலழகரையும் வெளியேற்றுவீர்களா ஐயா?
– சு.

சரி, நேரமாகிவிட்டது. ‘தன்வயமின்மை’ என்றே போடுகிறேன். மனநோயால் வருவது, அல்லாதது என்ற இரு வகைக்கும் ‘நோய்வழித் தன்வயமின்மை’, ‘நோய்சாராத் தன்வயமின்மை’. முதல் முறை வரும்போது பக்கத்தில் ஆட்டோமேட்டிசம் என்றும் இருக்கும். த. அவர்களின் ‘தன்னறியா நிலை’யைத் தூக்கநடைப் பகுதியில் விளக்கமாகச் சேர்த்துக்கொள்கிறேன்.
– வி.

‘நோய்சாரா’ தவறு. தூக்கநடையையே நோய் என்பவர் மருத்துவர், நோயில்லை என்றது கனடா. ‘அகவழி’, ‘புறவழி’ என்று பிரித்தால் பர்ஜெஸ் தீர்ப்போடும் ஒட்டும். என் எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்ளவும். அவத்தைகள் பற்றிய மடல் நாளை.
– புலவர் கா.