மே தினக் கூட்டத்தில் சொன்ன அந்த சிகாகோ கவர்னர் யார்?

அண்டியாபீஸ்காரி மகன்:
மார்த்தாண்டத்தில் மே தினக் கூட்டத்துக்கு அம்மாவோடு போயிருந்தேன். அம்மா இருபது வருஷம் அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், பருப்பு உடைத்தவங்க. பேசியவர் சிகாகோவில் நாலு பேரைத் தூக்கிலிட்டதை விலாவாரியாகச் சொல்லிவிட்டு, சிறையில் மிச்சமிருந்தவர்களை ஆல்ட்கெல்டு என்ற கவர்னர் விடுவித்தார் என்று ஒரே வரியில் தாண்டிவிட்டார். கவர்னர் அப்படியெல்லாம் செய்வாரா? பேரறிவாளன் கோப்பு இங்கே எத்தனை வருஷம் கிடந்தது!

குழித்துறையான்:
மக்கா, கவர்னர் என்ற சொல்தான் குழப்புது. அங்கே கவர்னர் ஓட்டு வாங்கி வருகிறவர், நம்ம முதலமைச்சர் மாதிரி. ஜான் பீட்டர் ஆல்ட்கெல்டு 1893 முதல் 1897 வரை, சிகாகோ இருக்கும் இல்லினாய்ஸ் மாநிலத்தின் கவர்னர். ஜெர்மனியில் பிறந்து கைக்குழந்தையாக வந்தவர், பதினாறு வயதில் உள்நாட்டுப் போருக்குப் போனவர், அப்புறம் வக்கீல், நீதிபதி, சிகாகோவில் கட்டடம் கட்டிக் காசு பார்த்தவர். 1886இல் சிகாகோவின் ஹேமார்க்கெட் சதுக்கத்தில் தொழிலாளர் கூட்டத்தின்போது போலீஸ் மீது குண்டு வீசப்பட்டது; நாலு பேரைத் தூக்கிலிட்ட அந்த வழக்கில் மிச்சமிருந்த ஃபீல்டன், நீபி, ஷ்வாப் மூன்று பேரையும் 1893 ஜூனில் விடுவித்தார். சும்மா இரக்கப்பட்டு விட்டிருந்தால் ஊர் மறந்திருக்கும். இவரோ ஜூரிகளை வேண்டுமென்றே பொறுக்கி எடுத்தார்கள், நீதிபதி ஒருதலைப்பட்சம், குண்டு வீசியது யாரென்றே நிரூபிக்கவில்லை என்று விரிவாக எழுதி வெளியிட்டார். பத்திரிகைகள் அவரை அராஜகவாதி என்று கிழித்துவிட்டன.

ரப்பர்பால்:
அந்த மூவருக்குக் கொடுத்த மன்னிப்பால்தான் 1896 கவர்னர் தேர்தலில் ஆல்ட்கெல்டு தோற்றார் என்று சொல்வார்கள், எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். அந்த வருஷம் அவர் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் பிரையனும் இல்லினாய்ஸில் தோற்றார். அதற்கு முன்பே 1894இல் புல்மன் ரயில் வேலைநிறுத்தத்தின்போது, தான் கேட்காமலே ராணுவத்தை அனுப்பிய சொந்தக் கட்சி ஜனாதிபதி கிளீவ்லாண்டோடு மோதியிருந்தார். வெளிநாட்டில் பிறந்ததால் அவரே ஜனாதிபதிக்கு நிற்கவும் வழியில்லை.

குழித்துறையான்:
சரிதான். ஆனால் உங்க அம்மாவுக்குச் சொல்ல வேண்டியது வேறு. அதே 1893இல் அவர் கையெழுத்திட்ட தொழிற்சாலைச் சட்டம், பெண்களுக்கு எட்டு மணி நேரம்தான் வேலை, பதினாலு வயதுக்குக் கீழே பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாது என்றது. அதைக் கண்காணிக்கும் தலைமை ஆய்வாளராக ஃப்ளாரன்ஸ் கெல்லி என்ற பெண்ணையே போட்டார். முதலாளிகள் வழக்குப் போட, 1895இல் மாநில உச்ச நீதிமன்றம் எட்டு மணி நேரப் பகுதியை ரத்து செய்துவிட்டது, அது தனிக் கொடுமை. ஆல்ட்கெல்டு 1902இல் ஜோலியட் ஊரில், தென்னாப்பிரிக்காவில் பிரிட்டனை எதிர்த்துப் போரிட்ட டச்சு வம்சாவளி போயர்களுக்கு ஆதரவாகப் பேசி முடித்ததும் சரிந்து, மறுநாள் இறந்தார். 54 வயதுதான்.

அண்டியாபீஸ்காரி மகன்:
நன்றி அண்ணா. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "எங்களுக்கு மணிக்கணக்கு எங்கே இருந்தது, கிலோக் கணக்குதானே, அந்தப் பெண்களுக்கு எப்படி?" என்று கேட்கிறாங்க. யாருக்காவது தெரியுமா?