புதுப்பிப்பு: அப்பாவின் பைபாஸும் பலூன் பம்பும்

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. போன மாதம் நான் கேட்டது: அம்பாசமுத்திரத்தில் இருக்கும் அப்பாவுக்கு 66 வயது, இதயத்தின் மூன்று குழாயிலும் அடைப்பு, இஎஃப் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 25 சதவீதம். பைபாஸுக்கு முந்தின நாளே பலூன் பம்ப் (இதயத்திலிருந்து கிளம்பும் பெருங்குழாய்க்குள் வைத்து இதயத்துக்கு உதவும் பலூன்) வைக்கணும் என்கிறார்கள், தேவையா?

வைத்தோம். ஆபரேஷன் முடிந்து அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார்.

கைகொடுத்தது பாளையங்கோட்டை அண்ணாச்சி சொன்னதுதான்: அயோர்டிக் வால்வில் (இதயத்திலிருந்து பெருங்குழாய்க்கு ரத்தம் போகும் கதவு) கசிவு இருக்கா, கால் ரத்தக்குழாய் நல்லா இருக்கா என்று முதலில் கேளுங்கள். கேட்டேன். கசிவு இல்லை. பெரிய கசிவு இருந்தால் பலூன் விரியும்போது ரத்தம் இதயத்துக்கே திரும்பும், அதனால் வைக்க மாட்டார்களாம். ஆனால் டாப்ளர் ஸ்கேனில் வலது கால் குழாய் சுருங்கியிருந்தது தெரிந்தது. இடது தொடை வழியாக வைத்தார்கள்.

இதயம் தளரும் நொடியில் ஹீலியம் நிரம்பி பலூன் விரியும். இதயத்தின் சொந்தக் குழாய்களுக்கு ரத்தம் கூடுதலாகப் போகும். இதயம் சுருங்கும் முன் பலூன் ஒடுங்கிவிடும், இதயத்தின் பளு குறையும். இது எல்லோருக்கும் தேவைப்படாது, ஆய்வு முடிவுகளும் ஒரே மாதிரி இல்லை என்று சர்ஜனே சொன்னார்.

எதிர்பாராதது: பலூன் வைத்த காலை மடக்கவே கூடாது. பாதத்தில் நாடி துடிக்கும் இடத்தில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி. நர்ஸ் மணிக்கொரு தடவை அங்கே தொட்டு, சூடு இருக்கா என்றும் பார்த்தார். அப்பாவுக்கு முதுகுவலிதான் பெரிய வேதனை. "வயல்ல நின்னவன இப்படிப் படுக்கப் போட்டுட்டியளேம்மா" என்று புலம்பல்.

ஆபரேஷனுக்கு அப்புறம் இரண்டாம் நாள் பலூனை எடுத்தார்கள். தொடையில் அரை மணி நேரம் அழுத்திப் பிடித்து, மேலே மணல் மூட்டை வைத்தார்கள். நேற்று வாய்க்கால் வரை நடந்தார்.