சென்னையிலிருந்து தென்காசிக்கு குடிபெயரலாமா? அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்

வேளச்சேரியில் வாடகை 22,000. வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை, மாதம் 2 நாள் மட்டும் அலுவலகம் போக வேண்டும்; அதற்குப் பொதிகை எக்ஸ்பிரஸ் இருக்கிறது, மாலையில் ஏறினால் காலையில் எழும்பூர். தென்காசியில் மனைவியின் பூர்வீக வீடு சும்மா கிடக்கிறது. மகள் ஜூனில் 6ஆம் வகுப்பு, அதனால் ஏப்ரலுக்குள் முடிவெடுத்தாக வேண்டும்.

போன ஜூலையில், சாரல் சமயத்தில், 3 வாரம் தங்கி வேலை பார்த்தோம். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் வீடியோ கால் அடிக்கடி அறுந்தது. ஃபைபர் இணைப்பு கேட்டதற்கு எங்கள் தெருவுக்கு இன்னும் வரவில்லை என்றார்கள், கரண்ட் போனால் சமாளிக்க இன்வெர்ட்டர் வாங்கிவிட்டேன். பள்ளிகள் இரண்டைப் பார்த்தோம், மகளுக்குப் பிடித்துவிட்டது.

இணையம் தவிர மற்றதெல்லாம் சரி, பெரிய கவலை அப்பாதான். 71 வயது, 2 வருடம் முன்பு ஸ்டென்ட் வைத்தது. இப்போதைய மருத்துவமனை 10 நிமிடம். அங்கேயோ பெரிய இதய சிகிச்சை என்றால் திருநெல்வேலிதான், 50 கிலோமீட்டருக்கு மேல். உறவினர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

தென்காசியில் இதய நோயாளியை வீட்டில் வைத்திருப்பவர்களே, நடுராத்திரி நெஞ்சுவலி வந்தால் முதலில் எங்கே கொண்டுபோகிறீர்கள், எவ்வளவு நேரத்தில் சிகிச்சை கிடைக்கிறது?